முதல்ல சாப்பிடு

எனக்கு முன்கோபம்னு எங்க தேக்கா வட்டாரம் பூரா தெரியும். ஆனா அன்னைக்கு எனக்கு இருந்தது கோபமில்லை, பயம். மடியில ஒரு கடுதாசி இருந்தது.

நானும் செல்லக்கண்ணும் ஒரே ஊர், ஒரே கப்பல்ல வந்தவங்க. சிராங்கூன் ரோட்டுல ஆளுக்கொரு மாட்டுவண்டி, செங்கல் ஏத்துற வேலை. நாலு வருஷமா அவன் வாயில ஒரே பேச்சுதான்: பெண்டாட்டி ரத்தினம்மாவைக் கூட்டிட்டு வரணும். அடுத்த கப்பல்ல அவ வர்றதா இருந்தது. ஒரு அறை பிடிச்சு, வெள்ளையடிச்சு, அவளுக்குச் சிவப்புச் சேலை வாங்கி ஆணியில மாட்டி வெச்சிருந்தான், பைத்தியக்காரன்.

அந்த ரத்தினம்மா செத்துப்போயிட்டா. வாந்திபேதி. ஊர்க் கணக்கப்பிள்ளை எனக்கு எழுதியிருந்தார். எங்க ஊர்ல சாவுச் சேதியை உரியவனுக்கு எழுத மாட்டாங்க. கூட இருக்கிறவனுக்கு எழுதுவாங்க, அவன் வாயால சொல்லணும். எனக்கு எழுத்து தெரியாது. காலையில, நாங்க அண்ணன் முறையில நானான்னு கூப்பிடுற அப்துல் அலீம்தான் தன் துணிக்கடையில வெச்சு வாசிச்சுக் காட்டினார். வாசிச்சு முடிக்கிற வரைக்கும் என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "சாப்பிட்டியா மருதப்பா?"ன்னார்.

"இல்லை நானா."

"போ. முதல்ல ரெண்டு பேரும் சாப்பிடுங்க."

அவர் சொன்னதும் சரிதான். சேதி காதுல விழுந்துட்டா தலைமுழுகணும், அதுக்கப்புறம் சோறு எப்போ தொண்டையில இறங்குமோ யார் கண்டா? நாலு கவளம் உள்ள போகட்டும், பிறகு சொல்லுவோம்னு முடிவு பண்ணினேன்.

மத்தியானம் வண்டிகளைச் சுந்தரத்தோட கள்ளுக்கடையில நிறுத்தினோம். டிராம் தண்டவாளத்தைத் தாண்டி, தென்னந்தோப்புக்குள்ள இருக்கு. சுந்தரமே மரமேறி இறக்கி, சுந்தரமே விப்பான். ஒரு சொட்டுத் தண்ணி கலக்க மாட்டான், மகராசன். இலையில சோறும் மீன்குழம்பும், பக்கத்துல ஆளுக்கொரு மொந்தை வந்தது.

"சாப்பிடுடா"ன்னேன்.

"நீ சாப்பிடு"ன்னான். தன் மீனை எடுத்து என் இலையில போட்டான். என்னைக்குமே மீனை விட்டுக்கொடுக்காதவன்! பெண்டாட்டி வர்ற குஷின்னு நினைச்சேன்.

"ரத்தினம்மா வந்ததும் அவ கையால முதல் சோறு உனக்குத்தான் மருதப்பா. கருவாட்டுக் குழம்பு வெச்சா தெருவே மணக்கும்."

பேச்சை மாத்தணுமேன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "என் பய மாணிக்கத்தை இந்த வருஷம் பள்ளிக்கூடத்துல போடச் சொல்லி எழுதணும்டா. ஏழு வயசாச்சு, இன்னும் ஆடு மாதிரி திரியுறானாம்."

சோத்தைப் பிசைஞ்ச செல்லக்கண்ணு கை அப்படியே நின்னுது. அப்புறம் மொந்தையைத் தூக்கி மடமடன்னு குடிச்சான்.

"குடிச்சது போதும், சோத்தைத் தின்னுடா!"

"நீ ஒரு வாய் வெச்சியா? தின்னுடா முதல்ல!"

"எனக்குப் பசியில்லை, உனக்கென்ன வந்தது? தின்னு தொலையேன்!" நான் கத்தினேன். அவனும் கத்தினான். குடிச்சுக்கிட்டிருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. சோத்துக்கு அடிச்சுக்கிறவங்களைப் பார்த்திருக்கேன், சோறு வேணாம்னு அடிச்சுக்கிட்டவங்க நீங்கதான்யான்னு சுந்தரம் தலையில அடிச்சுக்கிட்டான்.

இனி தாங்காதுன்னு மெதுவா ஆரம்பிச்சேன். "செல்லக்கண்ணு... ஊர்ல வாந்திபேதி வந்திருக்குடா."

அவன் என் மணிக்கட்டைப் பிடிச்சான். பிசைஞ்ச கை, சோத்தோட. "உனக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"தெரியும்டா."

"அடப்பாவி! தெரிஞ்சுமா பள்ளிக்கூடம் அது இதுன்னு பேசினே?" குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பிச்சுட்டான். "நேத்து சாயங்காலம் நானா எனக்குக் கடுதாசி வாசிச்சதிலேர்ந்து நான் கண்ணை மூடலைடா. உன் வயித்துல ஒரு வாய் சோறாவது போகட்டும், அப்புறம் சொல்லலாம்னு... ஏழு வயசுப் பிள்ளைடா. மாணிக்கம் என் தோள்ல ஏறி விளையாடினவன்டா!"

தோப்புல காத்து அடிச்சுது. எங்கேயோ டிராம் மணி கேட்டுது. எனக்கு அழுகை வரலை, மண்டைக்குள்ள என்னவோ சுத்திக்கிட்டே இருந்தது. கணக்கப்பிள்ளை ஒரே கப்பல்ல ரெண்டு கடுதாசி போட்டிருக்கார். அவன் துக்கம் எனக்கு, என் துக்கம் அவனுக்கு. ரெண்டையும் வாசிச்ச நானா எப்படி என் முகத்தைப் பார்ப்பார்? என் பிள்ளை போயிட்டான். அவன் முகத்தைப் பார்த்து நாலு வருஷமாச்சு.

செல்லக்கண்ணு என்னைக் கட்டிப் பிடிச்சிருந்தான். ஆறுதல் சொல்றேன்னு முதுகைத் தடவிக்கிட்டே இருந்தான். தடவின கை திடீர்னு நின்னுது. விலகி, ஒரு வாய்கூடத் தின்னாம கிடந்த தன் இலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மருதப்பா. நான் உனக்குச் சொல்லணும்னு உன்னைச் சாப்பிடச் சொன்னேன். நீ எதுக்குடா என்னைச் சாப்பிடு சாப்பிடுன்னே?"

என் மாணிக்கத்துக்காக இன்னும் ஒரு சத்தம்கூடப் போடாத வாயால, ரத்தினம்மா பேரைச் சொன்னேன்.