ஆஃப்சைடு எந்தப் பக்கம்?

எனக்குக் கிரிக்கெட் நன்றாகத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. கவர் எது, பாயின்ட் எது, அம்பயர் எங்கே கோட்டை விட்டார் என்பதையெல்லாம் சோபாவில் உட்கார்ந்தபடியே சொல்வேன். கால்பந்து மட்டும் எங்கள் மல்லேஸ்வரத்து வீட்டுக்குள் வந்ததில்லை. பதிமூன்று வயது மகள் அதிதிதான் அதை ஷூவில் ஒட்டிய செம்மண்ணோடு கொண்டுவந்தாள்.

அன்று சனிக்கிழமை காலை, காக்ஸ் டவுன் பெண்கள் அணியோடு லீக் ஆட்டம். அதிதி முன்னால் ஓடி கோல் போட வேண்டியவள். ஆறு ஆட்டம் முடிந்தும் ஒரு கோல்கூடப் போடவில்லை. கிளம்பும்போது ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கும் போடலேன்னா நிறுத்திடறேம்மா," என்றாள். 

மைதானத்தில் ரெஃப்ரி கோவிந்தப்பா நேராக என்னிடம் வந்தார்.

"மேடம், லைன்ல கொடி பிடிக்க ஒப்ரு பேக்கு, ஒருத்தர் வேணும். டீமுக்கு ஒரு பேரன்ட். ஆஃப்சைடு கொத்தா, தெரியுமா?"

"கொத்து," என்றேன் அவர் பாஷையிலேயே, பெருமையாக. "பேட்ஸ்மேன் வலது கைன்னா அவனோட வலது பக்கம். இடது கைன்னா உல்டா."

அவர் ஒரு நிமிஷம் வானத்தைப் பார்த்தார்.

"அது வேற மேடம். இங்க கோல்கீப்பரை விட்டுடுங்க. அவளுக்கு முன்னாடி கடைசியா நிக்கிற எதிர் டீம் பொண்ணு இருக்காளே, அவளைத் தாண்டி நின்னு பந்து வாங்கினா ஆஃப்சைடு. கொடியைத் தூக்குங்க. அஷ்டே, அவ்வளவுதான்."

"தாண்டி நின்னா என்ன தப்பு?"

"ரூல் மேடம்."

ரூல் என்றால் ஆயிற்றா? எனக்குக் காரணம் தெரியாமல் காபிகூட இறங்காது. முதல் பாதி முழுக்க என் பக்கத்துக் கோலை நோக்கிக் காக்ஸ் டவுன் பெண்கள் ஓடி வந்தார்கள். நான் கோட்டோரமாக நடந்தபடி யோசித்துக்கொண்டே இருந்தேன். இருபதாவது நிமிஷம் பிடிபட்டது. இந்த ரூல் இல்லாவிட்டால் எல்லோரும் கோல் வாசலிலேயே போய்க் காத்திருப்பார்கள். எங்கள் பேங்கிலும் வரிசையை விட்டுவிட்டுக் கவுண்டர் ஓரமாக வந்து நிற்பவர்கள் உண்டு. இருபது வருஷமாக அவர்களை விரட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த நிமிஷமே இந்த ரூல் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. இப்போது அதிதி என் பக்கம் ஓடி வந்தாள். நடு மைதானத்திலிருந்து அவள் அணியின் சிந்து உதைத்த பந்து உயரமாக வந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது அதிதி தனியாக இருந்தாள், எதிரே கோல்கீப்பர் மட்டும். அவள் உதைத்தாள், பந்து வலைக்குள் போனது. என் கொடி அதற்கு முன்பே மேலே போயிருந்தது.

கோல் இல்லை என்றார் கோவிந்தப்பா. ஆட்டம் தொடர்ந்தது. தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது அதிதி முகம் சிவக்க என்னிடம் வந்தாள்.

"அம்மா, சிந்து பந்தை அடிக்கறப்போ நான் அந்தப் பொண்ணைத் தாண்டவே இல்லை. அடிச்சப்புறம்தான் ஓடினேன்!"

"அடிக்கறப்போவா பாக்கணும்? நீ வாங்கறப்போ இல்லையா?"

"அடிக்கறப்போம்மா!"

 மகளின் முதல் கோலை அம்மாவான நானே அழித்துவிட்டேன். கோவிந்தப்பாவிடம் ஓடினேன்.

"நான் சொல்லாம விட்டது என் தப்பு மேடம்," என்றார் பாவம். "ஆனா ஆட்டம் மறுபடி தொடங்கியாச்சு. இனி வாபஸ் இல்ல."

அடுத்த தலைவலி அங்கேயே தொடங்கியது. உதைப்பவள் அங்கே, தாண்டுகிறவள் இங்கே. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிப் பார்ப்பது? எனக்கு இருக்கும் இரண்டு கண்ணும் ஒரே திசையில்தான் பார்க்கும். மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் எதையாவது தவறவிட்டேன். நாலாவது தடவை காதில் விழுந்தது: டப். உதைக்கும் சத்தம்! பார்க்கவே வேண்டாம், கேட்டால் போதும். கண்ணைக் கடைசிப் பெண் மேல் வைத்து, காதைப் பந்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்தச் சந்தோஷத்தில் பக்கத்தில் நின்ற காக்ஸ் டவுன் பெண்ணிடமே சொல்லியிருப்பேன், நல்லவேளை அடக்கிக்கொண்டேன்.

கடைசி நிமிஷங்கள். யாரும் கோல் போடவில்லை. அதிதி கடைசிப் பெண்ணுக்குப் பக்கத்தில் பரபரத்துக்கொண்டிருந்தாள்.

டப்.

அந்தக் கணத்தில் அதிதி தாண்டியிருந்தாள். கொஞ்சம்தான். கோவிந்தப்பா ரொம்பப் பின்னால் இருந்தார். என் கை பாதியில் நின்றது. அவளுக்கு ஒரு கோல் நான் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று மனசு கெஞ்சியது. லேஸைப் பார்த்துக்கொண்டு அவள் சொன்னதும் ஞாபகம் வந்தது.

தூக்கிவிட்டேன்.

பந்து வலைக்குள் போய்ச் சேர்ந்தது, விசிலும் ஒலித்தது. கட்டிக்கொள்ள ஓடி வந்த பெண்கள் வழியிலேயே நின்றார்கள். அதிதி மெதுவாக என்னை நோக்கி வந்தாள்.  கொடியை இறக்கத் தோன்றவில்லை.

"எவ்வளவும்மா?"

"ஒரு அடி."

அவள் திரும்பி அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டும்மா," என்றாள். "அவசரப்பட்டுட்டேன். அடுத்த வாரம் பந்தை உதைக்கிற சத்தம் கேட்டப்புறம்தான் ஓடுவேன்."

ஓடிவிட்டாள். அடுத்த வாரம் என்றாளே என்பது அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது.