அட்டையில் பத்து மணி நேரம்

ரத்தத்தைப் பார்த்து எனக்கு அருவருப்பு வந்ததில்லை. பதினான்கு வருடமாக இந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவுகிறேன். காய்ந்த ரத்தம், சதைத் துணுக்கு, எலும்புத் தூள் எல்லாம் என் கைக்குப் பழக்கம். எனக்குக் குமட்டுவது காகிதத்தில் செய்கிற அழுக்குதான். அதுவும் செய்தவள் நானே என்னும்போது யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் அறையில் ஆறு பேர். அதில் ஒருவர் என் அண்ணி, அண்ணன் மனைவி. எட்டு வருடத்துக்கு முன்னால் நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். அண்ணன் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். அதன் பிறகு எங்கள் வீடு ஓடுவது எங்கள் இருவர் சம்பளத்தில்தான். வேலைக்குப் போகாவிட்டாலும் அண்ணன் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தார். கழுவும் அறையைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சு எழக்கூடாது. ஒரு முறை அண்ணி ஏதோ இடுக்கியைப் பற்றி ஆரம்பித்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். அன்றிலிருந்து நாங்கள் வேலையைச் செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவோம்.

கையால் கழுவிய காலத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இடுக்கியைக் கழுவி முடித்ததும் பிடியில் இருக்கும் முதல் பல்லில் மாட்டி மூடிவிடுவோம். கிளிக் என்று ஒரு சத்தம் வரும். திறந்து கிடந்தால் அதன் நுனி துணியைக் கிழித்துக்கொண்டு அடுத்தவள் கையில் ஏறும். அப்படி ஒருத்தி குத்து வாங்கி, அரை வருடம் ரத்தப் பரிசோதனைக்கு அலைந்து, தூக்கமில்லாமல் பாதியாகிப் போனாள். அதைப் பார்த்த பிறகு எங்களில் யாரும் எதையும் திறந்து வைத்ததில்லை. அண்ணியின் கைதான் எல்லாரையும் விட வேகம். முகம் வேறு பக்கம் பேசிக்கொண்டிருக்கும், விரல் கிளிக் கிளிக் என்று மூடிக்கொண்டே போகும்.

இந்த வருடம் கருவி கழுவும் மெஷின் வந்தது. மெஷின் வருவதற்கு முன்னால் மாற்றம் வந்தது. அப்படித்தான் சொன்னார்கள், மாற்றம் வருகிறது, பயப்படாதீர்கள் என்று. பயப்படாமல் இருக்க, பிரிவுக்கு ஒருவரை வழிகாட்டியாகத் தேர்ந்தெடுத்து ஒரு ஓட்டலில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். எங்கள் பிரிவுக்கு நான். மைக் பிடித்த ஒருவர் மாற்றம் என்பது ஒரு பயணம் என்றார். பலூன் ஊதச் சொன்னார். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடக்கச் சொன்னார். நாற்பது வயதுக்கு மேல் நான் பலூன் ஊதியதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மூன்றாம் நாள் சாயங்காலம் மெஷினைப் பொருத்த வந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். கையெல்லாம் கிரீஸ். அவருக்கு யாரும் மைக் கொடுக்கவில்லை. "எல்லாத்தையும் நல்லா திறந்து வைங்க. மூடியிருக்கிற மூட்டுக்குள்ள தண்ணி போகாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்று நாளில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

எனக்குப் பச்சை பேட்ஜ் குத்திவிட்டார்கள். மற்ற ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு அட்டை. அட்டையில் பத்துக் கட்டம், கட்டத்துக்கு ஒரு மணி நேரம். வழிகாட்டி பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். யோசனை நல்ல யோசனைதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதை எங்கள் சூப்பர்வைசர் கையில் கொடுத்தார்களே, அங்கேதான் கெட்டது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆச்சு சார். கீழே வந்தால் ஆச்சா என்பார், மேலே போனால் ஆச்சு என்பார். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஆனதா என்று பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

மெஷின் திங்கட்கிழமை ஓட ஆரம்பித்தது. தொட்டிகளில் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து இறங்கும் கருவி மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை. பக்கத்தில் நிற்பதாவது, சொல்லிக்கொடுப்பதாவது, மூச்சு விட நேரமில்லை. புதன்கிழமை ஆச்சு சார் அட்டைகளைக் கேட்டார். வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து பார்க்க வருகிறார்களாம், ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக்கூடாதாம். இன்னும் யாருக்கும் சொல்லித்தரவில்லை என்றேன். இப்போது கையெழுத்தைப் போடு, அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொடுத்துக்கொள், யார் வேண்டாமென்றது என்று தன் பேனாவை எடுத்து நீட்டினார். சாப்பாட்டு நேரத்தில் ஐந்து அட்டை, ஐம்பது கட்டம். எல்லாவற்றிலும் போட்டேன். ஒரே மாதிரி இருக்கக்கூடாது என்று நடுநடுவே கையெழுத்தைக் கொஞ்சம் சாய்த்து வேறு போட்டேன். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வாந்தி வருகிறது.

மற்ற நான்கு பேரும் தப்பித்துக்கொண்டார்கள். நான் இடுக்கிகளைத் திறந்து வைப்பதைப் பார்த்து ஒருத்தி ஏன் என்று கேட்டாள், அவளிடமிருந்து மற்றவர்களுக்குப் போய்விட்டது. அண்ணி அந்த வாரம் துணி மடிக்கும் பக்கம் இருந்தார். அடுத்த வாரம் மெஷின் பக்கம் வந்தபோது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த அறையிலேயே கைசுத்தம் அவருக்குத்தான் அதிகம், அவருக்குப் போய் நான் என்ன சொல்வது என்று நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது. நாத்தனார் என்றாலே அதிகாரம் என்று ஒரு பேச்சு உண்டு. வீட்டில் அந்தப் பேச்சு வராமல் எட்டு வருடம் காப்பாற்றி வைத்திருந்தேன். பேட்ஜைக் குத்திக்கொண்டு போய் அவர் தலைக்குமேல் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அண்ணி தன் வழக்கப்படியே ஒவ்வொன்றாக அலசி, கிளிக் என்று மூடி, மெஷின் கூடையில் வரிசையாக அடுக்கினார். கோடு போட்ட மாதிரி இருக்கும். அந்த அழகைப் பார்த்து ஆச்சு சார் ஒரு போட்டோ எடுத்து, இப்படித்தான் அடுக்க வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். அதை ஒட்டும்போது நான் தியேட்டருக்குக் கருவி கொண்டு போயிருந்தேன். திரும்பி வந்தும் சுவரைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டுவதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

மூன்றாம் வாரம் தியேட்டர் நர்ஸ் ஒரு தட்டைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். மயக்கம் கொடுத்த நோயாளி மேஜையில் கிடக்க, இடுக்கியைத் திறந்து பார்த்தபோது மூட்டுக்குள் பழுப்பாகக் கறை. நல்லவேளை, உடம்பில் படவில்லை. வேறு தட்டு வரும்வரை ஆபரேஷனை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் தட்டை எங்கள் மேஜையில் வைத்தார். பார்த்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. அடுக்கியவர் எண் தட்டில் இருக்கும், இதில் அண்ணியின் எண் இருந்தது. மெஷின் சரியில்லை போலிருக்கிறது என்றார் அண்ணி.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆச்சு சார் ஓடி வந்து, விசாரணை முடியும்வரை யாரும் இதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று சொல்லி, அண்ணியைத் துணி மடிக்க அனுப்பிவிட்டார். அடுக்கியிருந்த மற்றத் தட்டுகளையெல்லாம் பிரித்து, திறந்து வைத்து, மறுபடி ஓட்டினோம். வீட்டில் இரண்டு ராத்திரி நானும் அண்ணியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன். அண்ணன் போட்ட சட்டம் எனக்கு அப்போது வசதியாக இருந்தது.

விசாரணை இரண்டாவது மாடியில். அண்ணியை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே பெஞ்சில் இருந்த என் பக்கத்தில் ஆச்சு சார் வந்து உட்கார்ந்தார். "அட்டை பக்காவா இருக்கு. பயிற்சி கொடுத்தாச்சு, அவங்கதான் கவனமில்லாம இருந்துட்டாங்க. அவங்களை அனுப்பிடுவாங்க, உன்மேல ஒண்ணும் வராது" என்றார், ஏதோ எனக்கு நல்லது செய்துவிட்ட மாதிரி. அவர் முகத்தில் துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பவில்லை, தலையாட்டினேன். அந்தத் தலையில்தான் முதலில் துப்பியிருக்க வேண்டும்.

கதவைத் திறந்துகொண்டு அண்ணி வந்தார். என்னைத் தாண்டும்போது குனிந்து, "நான் எல்லாம் சொல்லிட்டேன். நீ ஆமான்னு மட்டும் சொல்லு. ரெண்டு பேரும் வெளிய வந்துட்டா வீடு என்ன ஆகறது?" என்றார். கீழே பஸ் நிறுத்தத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே ஒரு பெரிய டாக்டர், நிர்வாகத்திலிருந்து ஒரு அம்மாள், ஒரு டைப்பிஸ்ட். அண்ணி சொல்லி டைப் செய்திருந்ததை டாக்டர் அப்படியே படித்தார்: என் நாத்தனார் பத்து மணி நேரமும் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தார். நான்தான் மறந்துவிட்டேன். தவறு என்னுடையது. படித்துவிட்டு, இது சரியா என்று என்னைக் கேட்டார்.

ஆமாம் என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்த அம்மாள் என் அட்டைகளைப் புரட்டிப் பார்த்து, மற்றப் பிரிவுகளுக்கு இவற்றைத்தான் மாதிரியாகக் காட்டியிருக்கிறோம் என்று பாராட்டினார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் அண்ணி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுத மாதிரி தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும், வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நேரம் பேசினார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆமா, நான் எதை மறந்தேன்?"

செய்த தப்பு என்னவென்றே தெரியாமல் ஒரு மனுஷி மூன்று பேர் முன்னால் போய்த் தப்பை ஒத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவர் தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றினேன். மூடிக் காட்டி, இதற்குள் தண்ணீர் எப்படிப் போகும் என்றேன். திறந்து காட்டினேன். கையால் கழுவும்போது மூடியது சரி, அப்போது நாம் மூட்டைத் தேய்த்துவிட்டு மூடினோம், மெஷினுக்குத் தேய்க்கிற விரல் கிடையாது என்றேன். அண்ணி கிளிப்பை வாங்கித் தானே ஒரு முறை திறந்து, மூடி, திறந்து பார்த்தார்.

"அவ்வளவுதானா?" என்றார். "நான் ஏதோ பெரிசா விட்டுட்டேன்னு நினைச்சேன்."

என்னைத் திட்டியிருந்தால் அடுத்து வந்த பஸ்ஸிலேயே ஏறி வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் திட்டவில்லை. பஸ் வந்து நின்றது. நான் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். வேண்டாம், சொன்னால் கேள் என்று படி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டாவது மாடியில் கதவு திறந்துதான் இருந்தது. ஆச்சு சார் அவர்களோடு உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். டைப்பிஸ்ட் தன் டைப் மெஷினை மூடப் போனாள். மூடாதே என்றேன். டாக்டர் நிமிர்ந்து என்ன விஷயம் என்று கேட்டார்.

"அந்த அம்பது கையெழுத்தும் பொய் சார். இவங்களுக்கு நான் இப்பதான் சொல்லிக்கொடுத்தேன், கீழ பஸ் ஸ்டாப்புல. ரெண்டு நிமிஷம் ஆச்சு. எழுதிக்கோங்க."