ஆட்டுக்கு ஒன்றும் இல்லை

எங்கள் காலனிக்கு சர்க்கார் ஆஸ்பத்திரி வந்தது, மாடுகளுக்கு.

ஆம்பூருக்கு எதிரே, பாலாற்றின் அக்கரையில் இருந்தோம். தோல் பதனிடும் டேனரிதான் எங்களுக்குச் சோறு. சென்னையில் யாரோ ஒரு புத்திசாலி, இவ்வளவு தோல் இருக்கிற இடத்தில் எவ்வளவு மாடு இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். தோல் மட்டும்தான் வரும், கூடவே மாடு வராது என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. ஓட்டுக் கட்டடம், இரண்டு அறை, ஆதிகேசவன் என்று ஒரு கால்நடை டாக்டர். காலனி முழுக்கத் தேடினாலும் மாடு கிடையாது. சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்தவர்கள் உண்டு, இருமுகிறவர்கள் உண்டு, பிள்ளைத்தாச்சிகள் உண்டு. அவர்களுக்கு டாக்டர் ஆற்றைத் தாண்டித்தான்.

டேனரியில் வேலை பார்த்த ரங்கம்மாளின் மகள் சந்திராவுக்கு அப்போது இரண்டாவது பிள்ளை வயிற்றில், எட்டு மாதம். முதல் பிரசவத்துக்கு அவளை வாடகைக்குப் பிடித்த மாட்டுவண்டியில் ஏற்றிப் போனார்கள். ஆற்று மணலில் சக்கரம் புதைந்து, ஆம்பூர் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது. அதற்குப் பிறகு ரங்கம்மாள் அந்த மாட்டாஸ்பத்திரியைத் தாண்டும்போதெல்லாம் காறித் துப்புவாள். ஆதிகேசவன் சாது, கண்டுகொள்ள மாட்டார்.

அவரே ஒரு நாள் அவளைத் தேடி வந்தார்.

"ரங்கம்மா, வெள்ளிக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து பெரிய அதிகாரி வர்றார். கூட்டம் இல்லேன்னா மூடிடுவாங்க."

"கூட்டம்தானே? நான் சேத்துத் தர்றேன். அன்னிக்கு நீங்க வாயைத் தொறக்கக் கூடாது."

டாக்டர் சரியென்று தலையாட்ட, நேரே ஆட்டு வியாபாரி வாஹித் பாஷாவிடம் போனாள்.

"பாய், ஒரு நாளைக்கு ஆடுங்க வேணும்."

"ஞாயித்துக்கிழமை கல்யாண பிரியாணிக்கு வெச்சிருக்கேன். ஒண்ணு கம்மியாச்சுன்னாலும் பேஜாரு."

"கம்மியாகாது பாய். தின்னு கொழுத்துத்தான் வரும்."

வெள்ளிக்கிழமை ஜீப்பை விட்டு இறங்கிய அதிகாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாசலிலிருந்து தெருமுனை வரை ஆளுக்கொரு ஆடு. வரிசையில் முதலில் நின்ற தனகோடியிடம் கேட்டார்.

"ஆட்டுக்கு என்ன?"

"ஆட்டுக்கு ஒண்ணும் இல்லீங்க. இருமல் எனக்கு."

அடுத்தவன், "ஆடு ஷோக்கா இருக்குதுங்க. இந்தக் கையைப் பாருங்க" என்று வெந்த கையை நீட்டினான்.

"இது கால்நடை ஆஸ்பத்திரி."

"தெரியும்ங்க," என்றாள் ரங்கம்மாள். "வெறுங்கையோட வந்தா மரியாதையா இருக்காதேன்னுதான் ஆட்டைக் கூட்டியாந்தோம்."

அதிகாரி ஆதிகேசவனைப் பார்த்தார். ஆதிகேசவன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். இதற்குள் சந்திராவின் ஆடு, அதிகாரிக்கு வாங்கி வைத்த மாலையில் பாதியை மென்று முடித்திருந்தது. அவர் தடுமாறிப்போய் அதையே பார்த்தார்.

"சினை ஆடா?"

"கிடாங்க," என்றாள் சந்திரா. "மாசம் எனக்குத்தான். போன வாட்டி ஆத்து மணல்லயே புள்ள போய்டுச்சு."

அதிகாரி தொப்பியைக் கழற்றினார்.

"நான் மாட்டு இலாகாம்மா. மனுஷங்களுக்கு உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லை."

"ஒரு ரூமு சும்மாவே கெடக்குதே. அதைக் குடுக்கிற அதிகாரம் உங்களுதுதானே?"

குடுத்தார். மனித இலாகாவுக்கு அதுவரை கட்டடம் இல்லை என்பதுதான் சாக்கு. அந்தச் சாக்கும் போனதால், வாரம் ஒரு நாள் டாக்டரையும் அங்கேயே தங்கியிருக்க ஒரு மருத்துவச்சியையும் அனுப்பினார்கள். ஒரே நிபந்தனை, மாட்டாஸ்பத்திரி போர்டை எடுக்கக் கூடாது. வைத்துக்கொள்ளட்டும், எங்களுக்கென்ன.

சந்திராவுக்கு வலி கண்டது ஒரு மத்தியானம். உள்ளே மருத்துவச்சி. வாசலில் ஆதிகேசவன், தனக்கே முதல் பிள்ளை மாதிரி, குறுக்கும் நெடுக்கும் நடந்தார். குழந்தை வீறிட்டது. கொஞ்ச நேரத்தில் ரங்கம்மாள் வெளியே வந்தாள்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க டாக்டரே," என்றவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். "இந்த வாட்டி வண்டி கட்டலை."