சுவருக்குள் ஒரு குழாய்

பிளம்பர் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் குளியலறைச் சுவரைத் தட்டித் தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டும் தன் மண்டையில் விழுவதுபோல வீட்டுக்காரன் வாசலில் நின்று நெளிந்துகொண்டிருந்தான். அந்த டைல்ஸுக்குப் பின்னால் குழாயும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அதை வாய் திறந்து சொல்ல வேண்டியவன் அவன்தான். வாய்தான் திறக்க மாட்டேன் என்றது.

அவனுக்கு அலுவலகத்தில் 'ஆச்சு சார்' என்று பெயர். எதைக் கேட்டாலும் முதலில் 'ஆச்சு' என்பான். கேட்டவர் நகர்ந்த பிறகுதான் அந்த வேலையைத் தொடவே ஆரம்பிப்பான். பெரும்பாலும் முடித்தும்விடுவான். அதனால்தான் இத்தனை வருஷமாக வண்டி ஓடிக்கொண்டிருந்தது. முடிக்க முடியாமல் போனது இந்தச் சுவர் ஒன்றுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், வீடு கட்டும்போது, குளியலறைச் சுவர் ஹோட்டலில் இருப்பதுபோல வழுவழுவென்று இருக்க வேண்டும், ஷவர் மட்டும் போதும் என்று அடம்பிடித்தவன் அவன். மனைவி சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு. நாளைக்கு வயசானவர்கள் யாராவது வந்தால் உட்கார்ந்து குளிக்கக் கீழே ஒரு குழாய் வேண்டும். இப்போதைக்குத் தண்ணீர் லைனை மட்டும் சுவருக்குள் விட்டு அடைத்துவைக்கட்டும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் பிளம்பரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள் என்றாள். அவன் தலையை ஆட்டினான். அன்று காலையில் நண்பன் ஒருவன், பழைய கார் ஒன்று விலைக்கு வருகிறது, பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டான். கார் நன்றாக இல்லை. ஊர் சுற்றியது நன்றாக இருந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டி, துடைத்து, பளபளவென்று நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "லைன் போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றான். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "நானே பக்கத்துல நின்னு பார்த்தேன்" என்று சேர்த்துக்கொண்டான்.

இப்போது மாமனாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, நேற்றுதான் இங்கே வந்து இறங்கியிருந்தார். நின்று குளிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூடத்தில் காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு, எப்போது குளிக்கலாம் என்று காத்திருந்தார்.

"எங்க மாப்பிள்ளைக்கு என்ன முன்யோசனை பாருங்க" என்று அங்கிருந்தே பிளம்பரிடம் குரல் கொடுத்தார். "அப்பவே லைன் விட்டு வெச்சிருக்காரு."

அவர் திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

மனைவி உள்ளே வந்து, ஷவர் திருகுக்கு நேர் கீழே, முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு டைல்ஸின்மேல் விரலை வைத்தாள். "இங்கதாங்க இருக்கும்."

அவன் திடுக்கிட்டான். எந்த இடம் என்று அவன் அவளிடம் சொன்னதே இல்லை. சொல்ல இடம் இருந்தால்தானே. பாவம், தான் அவிழ்த்துவிட்ட பொய்யை இவள் இப்படி நம்பி, மனசுக்குள் அதற்கு ஓர் இடமும் ஒதுக்கிவைத்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டான்.

அவள் சமையலறைப் பக்கம் போனதும் பிளம்பரிடம் குனிந்து மெதுவாகச் சொன்னான். "ஏங்க, எதுக்கு இதை உடைச்சுக்கிட்டு? ஷவர்ல இருந்து வெளியவே ஒரு பைப்பை இறக்கிட்டா என்ன?"

"உள்ளயே லைன் இருக்கும்போது எதுக்கு சார் வெளிய தொங்கவிடணும்? பார்க்கவே நல்லா இருக்காது."

"இல்ல, அந்த லைன் வேலை செய்யுமோ என்னமோ..."

"நீங்க நின்னு பார்த்துச் செஞ்சதுதானே சார்? மேடம் சொன்னாங்களே."

மேடம் அதற்குள் திரும்பி வந்துவிட்டாள். அவன் வேறு பக்கமாகத் தாவினான். "இந்த டைல்ஸ் இப்ப கடையில வர்றதில்ல. பக்கத்துல இருக்கறதும் சேர்ந்து விரிசல் விட்டா என்ன பண்றது?"

"ரெண்டு எடுத்துவெச்சிருக்கேன். கட்டிலுக்குக் கீழ இருக்கு" என்றாள்.

பிளம்பர் டைல்ஸைச் சுற்றி டேப் ஒட்டி, கட்டிங் மெஷினைக் கையில் எடுத்தார். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ ஒன்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியது. 'மறந்துட்டேன்' என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒருநாள் சண்டையோடு போயிருக்கும். இன்றைக்குச் சொன்னால் மூன்று வருஷப் பொய். அதுவும் மாமனார் காது கேட்க. "ஒரு நிமிஷம்" என்று வாயைத் திறந்தான். மெஷின் கிறீச்சிட்டது. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. வெள்ளைத் தூசி கிளம்பி, மூன்று பேர் முடியையும் நரைக்கவைத்தது.

மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றாள். காலையிலிருந்தே அவள் அந்த இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. அடுப்பில் என்ன ஆகிறது என்று ஓர் எட்டு போய்ப் பார்ப்பாள், உடனே வந்துவிடுவாள்.

டைல்ஸ் நாலு துண்டாகப் பெயர்ந்து விழுந்தது. பின்னால் வெறும் சிமெண்ட்.

பிளம்பர் உளியால் இரண்டு கொத்துக் கொத்திவிட்டு நிமிர்ந்தார். "காணோமே மேடம்."

அவர்கள் இரண்டு பேரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும். சொன்னான். "ஏமாத்திட்டான் பாரு! அந்தப் பழைய பிளம்பர்! என் கண்ணு முன்னாடி போடுற மாதிரி போட்டுட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் கழட்டிக்கிட்டுப் போயிட்டான். அப்பவே அவன் முழியே சரியில்ல." நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. அந்த மனுஷனைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது.

மனைவி அவனைப் பார்த்தாள். பிறகு பிளம்பரிடம் சொன்னாள். "இன்னும் ரெண்டு விரல் ஆழம் கொத்துங்க. மேல பூசிட்டாங்க."

உளி நாலு முறை இறங்கியது. ஐந்தாவது முறை சத்தம் மாறியது. பிளம்பர் விரலால் தூசியைத் தட்டிவிட்டார். குழாயின் வாய், அதை அடைத்திருந்த மூடியோடு, சுவருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

"சூப்பர் சார்! அந்தாளைப் போய்த் திட்டுறீங்களே, எவ்வளவு நேர்த்தியா வெச்சிருக்காரு பாருங்க" என்று எழுந்தார். "மாட்டுற குழாய் வண்டியில இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்."

அவர் போனதும் குளியலறையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். அவன் பேந்தப் பேந்த விழித்தபடி அந்தக் குழாயையே பார்த்தான்.

"அன்னைக்கு நீங்க போன் எடுக்கலைன்னு அந்தப் பழைய பிளம்பர் எனக்குப் போன் பண்ணாரு" என்றாள் அவள், மாமனாருக்குக் கேட்காத குரலில். "அரை நாள் லீவு போட்டுட்டு ஓடி வந்தேன். இங்க நின்னு போடவெச்சது நான்."

"அப்ப... சாயங்காலம் தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைக் கேட்டியா?"

"மறந்துட்டேன்னு சொல்லுவீங்கன்னு கேட்டேன். சிரிச்சுட்டு விட்டிருப்பேன். இன்னைக்குக் காலையிலயும் அதுக்குத்தான் இங்கயே நின்னேன். இவரு சுவத்தைத் தட்டும்போது சொல்லுவீங்கன்னு நெனச்சேன். மெஷினை எடுக்கும்போது சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நீங்க அந்த மனுஷனைத் திருடன்னு சொன்னீங்க."

"ஒரே ஒரு தடவை..." என்று ஆரம்பித்தான்.

"ராத்திரி படுக்கும்போது வாசக்கதவு பூட்டியாச்சான்னு கேட்பேன். ஆச்சுன்னு சொல்லுவீங்க. அப்புறம் நான் எழுந்து போவேன் இல்ல?"

"தண்ணி குடிக்க."

"தண்ணி குடிக்க இல்லங்க."

கூடத்திலிருந்து மாமனார், "மாப்பிள்ளை, கிடைச்சுதா?" என்றார்.

"கிடைச்சுது மாமா" என்றான்.

இத்தனை வருஷத்தில் எத்தனை ராத்திரி அவள் பாதி தூக்கத்தில் எழுந்து போய் அந்தக் கதவைத் தொட்டுப் பார்த்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தான். அவனால் முழுசாக நினைக்க முடியவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பான், சண்டை போட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் சிதறிக்கிடந்த டைல்ஸ் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தாள். அப்பா வெறுங்காலோடு வருவார்.

"நீ விடு. நான் பொறுக்கறேன்" என்றான்.

"சரி" என்று நிமிர்ந்தாள்.

அவன் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினான், சின்னச் சில்லுகளைக்கூட விரல்நுனியில் ஒற்றி எடுத்தான். அவன் பொறுக்கி முடிக்கும்வரை அவள் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.