கல்வித்தந்தையின் கை

கீழ்வானம் வெளுத்து, ஆலைப் புகைபோக்கிகள் நெடிது நிற்கும் அந்நகரின்மேல் இளவெயில் மெல்லப் படர்ந்து, தகரக் கூரைகளில் மின்னி, ஈரத் தெருக்களில் வழிந்து, நுரை சுமந்து செல்லும் வாய்க்காலின் கறுத்த நீரையும் ஒரு நொடி பொன்னாக்கிக் காட்டிப் பின் அதன் உண்மை நிறத்துக்கே விட்டுச் செல்லும் காலை அது. அவ்வாய்க்காலின் கரையில், மருத்துவமனைகளின் குருதி தோய்ந்த விரிப்புகளை வெளுக்கும் சலவைச்சாலை ஓயாது நீராவி உமிழ்ந்துகொண்டிருக்க, அதற்கு எதிரே, முன்னாளில் நெல்லும் தவசமும் அடைத்துக் கிடந்த கிடங்கொன்று, கதவுக்குப் பச்சை வண்ணமும் சுவருக்குக் கரும்பலகையும் பெற்று, நூற்றிருபது ஏழைப் பிள்ளைகளின் பள்ளியாய் நின்றது.

கற்றறிந்த அன்பரே, அப்பள்ளியை நிறுவியோர் ஓர் அண்ணனும் அவன் தங்கையும் ஆவர். ஏழாண்டுகளுக்கு முன், கிடங்கின் எலிவளைகளைத் தம் கையாலேயே அடைத்து, வீடு வீடாய்ச் சென்று, வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்றோரிடம் மன்றாடிப் பெற்றுவந்த நாளில் அவ்விருவர் நெஞ்சிலும் மாசில்லை. பின்னர்ப் புகழ் வந்தது, மேடைகள் வந்தன, ‘கல்வித்தந்தை’ என்னும் பட்டமும் வந்து, நல்ல பயிரைச் சுற்றிய கொடிபோல் அண்ணனைப் பற்றிப் படர்ந்து, அவனையே உண்ணத் தொடங்கியது.

தொலைநாட்டுக் கொடையாளர் சிலர் பள்ளியைக் காண வருவதாகவும், கண்டு நெஞ்சிளகினால் மேலும் பத்துப் பள்ளிகள் எழுப்பித் தருவதாகவும் ஓலை வந்தது. அவர்கள் வருவதற்கு முதல்நாள், அண்ணன் தங்கையை அழைத்தான்.

“நாளைக்கு எல்லாரும் பழைய துணியிலதான் வரணும்னு சொல்லிடு. கிழிஞ்சதா இருந்தா ரொம்ப நல்லது. தலை சீவ வேண்டாம். செருப்பும் வேண்டாம்.”

“என்னண்ணா பேசுற? குளிச்சு, நகம் வெட்டிக்கிட்டு வாங்கன்னு ஏழு வருஷமா தொண்டை கிழியக் கத்தினது நாமதானே?”

“பளிச்சுன்னு நின்னா யாரும்மா உருகுவாங்க? ஒரு நாள் கூத்து. இன்னும் ஆயிரம் பிள்ளைங்க படிக்கும்ல, அத யோசி.”

ஆயிரம் என்ற சொல் அவள் வாயை அடைத்தது. வகுப்பறைக்குச் சென்று, நிமிர்ந்து பாராமல், அவ்வாணையைப் பிள்ளைகளுக்கு ஓதினாள்.

மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் கந்தலில் வர, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் கொக்கின் சிறகெனத் தூய வெண்சட்டை அணிந்து வந்தாள். அவள் தாய் எதிரிலுள்ள சலவைச்சாலையில் விரிப்பு அலசுபவள். விருந்தினர் வரும் நாளில் அழுக்குடுத்தி அனுப்பச் சொல்வோரும் உண்டோ, மகள்தான் தவறாகக் கேட்டுவந்தாள் என்று எண்ணி, அச்சட்டையை இருமுறை ஆவியில் வேகவைத்து வெளுத்திருந்தாள்.

அண்ணன் அச்சிறுமியைச் சமையற்கூடத்தின் பின்புறம் அழைத்துச் சென்றான். கவிழ்ந்திருந்த பானையின் அடியில் மூன்று விரல்களைத் தேய்த்து, அவள் இரு கன்னங்களிலும் சட்டையின் மார்பிலும், ஓவியம் தீட்டுவோன்போல் பொறுமையாய்க் கரி பூசினான். ஓரடி பின்வாங்கிப் பார்த்து, முகவாயில் இன்னும் ஒரு கோடு இட்டான். பின்னர்த் தன் கையை வழலைக்கட்டியை நுரைக்கத் தேய்த்து இருமுறை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, படக்கருவியின் முன், அந்தத் தூய கையைச் சிறுமியின் தலைமேல் வைத்துப் புன்னகைத்தான். தொடக்கமுதல் யாவற்றையும் தங்கை கண்டாள், தலை கவிழ்ந்தாள்.

பெற்றோர் வரிசையில் நிற்கவென்று அழைக்கப்பெற்றிருந்த தாய், முதலில் தன் மகளை அடையாளம் காணவில்லை. கண்டதும், பெற்றோரைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி வந்து, தன் மேலாடை நுனியை எச்சிலால் நனைத்து மகளின் கன்னத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கரி பரந்தது. அவள் நிமிர்ந்தாள்.

“பொழுதன்னிக்கும் ஊரு ரத்தத்தையும் சீழையும் இந்தக் கையாலதான் அலசறேன் சார். ஒரு நாள்கூட எனக்குக் குமட்டினதில்ல. இப்பக் குமட்டுது.” மகளின் கையைப் பற்றினாள். “வா கண்ணு, போலாம்.”

அவள் கூறியது யாதென்று விருந்தினர் வினவ, நன்றிப் பெருக்கால் அவளுக்குச் சொல் தடுமாறுகிறது என்று அவர்தம் மொழியில் அண்ணன் விடையிறுத்தான். அவர்கள் கண்ணீர் துடைத்துக்கொண்டனர். அம்மொழி தங்கைக்கும் தெரியும். வாய் திறந்தாள், அண்ணன் பார்த்தான், மூடிக்கொண்டாள்.

அன்று மாலை, சலவைச்சாலையின் பின்னே அத்தாய் குடியிருந்த ஒற்றை அறை வாயிலில் தங்கை சென்று நின்றாள்.

“பாப்பாவ அனுப்பி வைங்கம்மா. நல்லாப் படிக்கிற பொண்ணு.”

“அவரு பூசினாரு, சரி. பாத்துக்கிட்டு நின்னது யாரு டீச்சர்?”

“நான்தான்.”

“அப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கூப்பிட வந்தீங்க?”

உள்ளிருந்து சிறுமி எட்டிப் பார்த்து, “ஏழாம் வாய்ப்பாடு நாளைக்குத்தானே டீச்சர் ஒப்பிக்கணும்?” என்றாள்.

நடந்ததை ஒளிக்காது விருந்தினருக்கு மடல் வரைந்தாள் தங்கை. பெரும்பணியில் இத்தகைய சிறு பிழைகள் நேர்வதுண்டு, படம் தங்கள் நாட்டில் பலர் நெஞ்சைத் தொட்டுள்ளது என்று இனிய சொற்களால் மறுமொழி வந்தது. படித்த அன்றே அவள் பச்சைக் கதவை விட்டு வெளியேறி, நகரின் மறுகோடியில், ஓர் அறைக்குத் தொண்ணூறு பிள்ளைகள் நெருங்கியிருக்கும் பொதுப்பள்ளி ஒன்றில் வேலை ஏற்றாள். அச்சிறுமியும் அங்கேயே சேர்க்கப்பெற்று, நாளும் மூன்று நாழிகை வழி நடந்து வருகிறாள். வகுப்பில் வினாவுக்கு விடை கூறுவாள். தானாக ஒரு சொல்லும் ஆசிரியையான இவளிடம் பேசுவதில்லை. அதனை இவள் குறையென்று கொள்வதுமில்லை.

பத்துப் பள்ளிகளும் எழுந்தன. அவற்றில் பிள்ளைகள் எழுத்தறிகின்றனர் என்பதை நான் மறைக்கமாட்டேன். மறைத்தால் நானும் அவ்வண்ணன் வழியே சென்றவனாவேன். ஆயினும் அன்பரே, வறுமையைத் துடைக்க எழுந்தவர் அதனையே தம் வாணிப முதலாகக் கண்டுகொண்டபின், அது தீர்வதை எங்ஙனம் விரும்புவர்? அப்படம் பத்து வாயில்களின் மேலும் ஆளுயரத்தில் தொங்குகிறது. ஆயிரம் பிள்ளைகள் நாள்தோறும் அதன்கீழ் நடந்து, தம்மை உலகம் எக்கோலத்தில் காண விழைகிறது என்னும் முதற்பாடத்தை, அகரம் அறியுமுன்னரே கற்றுக்கொண்டு உள்ளே செல்கின்றனர்.