ராய்னாவுக்கு ஒரு நோயும் இல்லை

காகிதத்தின்படி எனக்குத்தான் புற்றுநோய். கர்ப்பப்பை வாயில், மூன்றாம் கட்டம். பெயர் வெலிச்கா அசெனோவா, வயது முப்பத்தெட்டு, தொழில் தையல். பெரிய ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் யார் தட்டிப் பார்த்தாலும் இப்படித்தான் வரும். நானோ கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். காலை ஆறு மணிக்கு ஆலைக்குப் போய் இத்தாலிக்காரிகள் போடுகிற கோட்டுகளுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

நோய் என் நாத்தனார் ராய்னாவுக்கு. என் கணவர் மெத்தோடியின் தங்கை, என்னைவிட இரண்டு வயது சின்னவள். மெத்தோடி ஜெர்மனியில் கட்டட வேலை செய்கிறார். ராய்னாவின் புருஷனும் அதே ஜெர்மனிக்குத்தான் போனான். போனவன் அங்கே ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதனால் தண்டவாளத்துக்கு அந்தப்புறம் எங்கள் ஜிப்சிச் சேரியான மஹல்லாவில் ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் என் பிள்ளைகள் இரண்டும் இருந்தோம்.

எனக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, ஆலை கட்டுகிறது. வருஷத்துக்கு ஒருமுறை ஆலை வாசலில் ஒரு வேன் வந்து நிற்கும். வரிசையில் நின்று ஏறி, புற்றுநோய் டெஸ்டுக்குக் கர்ப்பப்பை வாயிலிருந்து கண்ணாடித் துண்டில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்துவிட்டு மிஷினுக்குத் திரும்பிவிடுவோம். ராய்னா மே மாதத்தில் ரோஜா பறிப்பாள், கோடையில் செர்ரி, குளிரில் ஊருக்குள் போய் மாடிப்படி துடைப்பாள். எந்த முதலாளியும் அவள் பெயரை எங்கேயும் எழுதவில்லை. இன்ஷூரன்ஸ் இல்லாதவள் ஸ்பெஷலிஸ்டிடம் போனால், விட்டுப்போன வருஷங்களுக்கெல்லாம் சந்தா கட்டிவிட்டு வா என்பார்கள். பிரசவம் என்றால் மட்டும் சும்மாவே சேர்த்துக்கொள்வார்கள். பெண்ணின் உடம்பில் அரசாங்கத்துக்கு வேண்டியது அது ஒன்றுதான் போல.

ஜனவரியில் ஒரு நாள், வாளித் தண்ணீர் உறைந்து கிடக்கிற குளிரில், அவள் கொல்லைப்புறத்தில் படுக்கை விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது.

"எத்தனை நாளாடி?" என்றேன்.

"ரோஜா சீசன்லேருந்து அண்ணி."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அறைந்திருப்பேன். எட்டு மாதம். ஒரே தட்டில் சாப்பிடுகிறோம், ஒரே அடுப்பில் குளிர் காய்கிறோம், என்னிடம் மூச்சு விடவில்லை.

"சொல்லியிருந்தா மட்டும் என்ன கிழிச்சிருப்பே?" என்றாள் அவள்.

யோசனை என்னுடையது. அன்றைக்கே என் அடையாள அட்டையை எடுத்து அவள் மடியில் போட்டேன். அவள் அதில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"உன் மூக்கு எங்க, என் மூக்கு எங்க அண்ணி? இதைக் காட்டினா போலீஸைத்தான் கூப்பிடுவாங்க."

"அவங்களுக்கு நாம எல்லாரும் ஒரே மூஞ்சிதான்டி. கறுப்பா ஒருத்தி, தலையில துணி. எவளும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டா, நீ வேணா பாரு."

முதலில் குடும்ப டாக்டரிடம் சீட்டு வாங்க வேண்டும். டாக்டர் ஸ்டோயெவாவுக்கு என் குரல் பழக்கம் என்பதால் நானே போய், ராய்னாவின் உடம்பை என் உடம்பாக ஒப்பித்தேன். ரத்தம், இடுப்பு வலி, நாற்றம்.

"எட்டு மாசம் சும்மாவா இருந்தே?" என்றாள் ஸ்டோயெவா, எழுதிக்கொண்டே. "உங்க ஆளுங்களுக்கு உடம்பு மேல அக்கறையே கிடையாது. செத்தப்புறம்தான் டாக்டர்கிட்ட வருவீங்க."

என்னைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அன்று அது எனக்கு அதிர்ஷ்டமாகப் பட்டது.

பஸ்ஸில் போகும்போது ராய்னா என் பிறந்த தேதியையும் பத்து இலக்க எண்ணையும் உருப்போட்டுக்கொண்டே வந்தாள். கவுண்டரில் இருந்தவள் அட்டையை வாங்கினாள், எண்ணைத் தட்டினாள், திருப்பிக் கொடுத்தாள். கண்ணைத் தூக்கவேயில்லை. ஸ்பெஷலிஸ்ட் ஒரு வயதான ஆண், பொறுமையானவர். நான் துணைக்கு உள்ளே நின்றிருந்தேன். அவர் திரையைப் பார்த்தார், படுத்திருந்தவளின் வயிற்றைப் பார்த்தார்.

"ரெண்டாவது குழந்தை சிசேரியன்னு போட்டிருக்கே. தழும்பைக் காணோமே?"

ராய்னா படுத்தபடியே சொன்னாள்: "நாங்க தையல்காரங்க டாக்டர். எங்க தையல் வெளியே தெரியாது."

அவர் சிரித்துவிட்டார். பழைய ரெக்கார்டுகளில் தப்பு இருப்பது அவருக்கு ஒன்றும் புதிதில்லை போலும். பிறகு பரிசோதித்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. அவருக்கு ஒரு விஷயம்தான் பிடிபடவில்லை. "போன வருஷம் ஆலையில டெஸ்ட் எடுத்திருக்கீங்க. ஒண்ணுமே இல்லைன்னு இருக்கு. ஒரே வருஷத்துல இவ்வளவு வளர்றதுக்கு வழியே இல்லை. அந்த லேப்காரனுங்களைத் தூக்கில போடணும். அப்பவே கண்டுபிடிச்சிருந்தா சின்ன ஆபரேஷன், மறுநாள் வீட்டுக்குப் போயிருக்கலாம்."

அந்த லேப்காரன் மேல் ஒரு தப்பும் இல்லை. அவன் பார்த்தது என்னை. நான் வேனில் ஏறி இறங்கிய அந்தக் காலையில் ராய்னா எங்கேயோ ஒரு மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ராத்திரி படுத்தால் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு சுவர் அகலம்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கதிர்வீச்சு வைத்தார்கள். வெலிச்கா கட்டிலில் படுத்துக்கொண்டே ஆலையில் தைக்க முடியாது என்பதால் நானும் லீவு போட்டேன். வார்டில் அவள் வெலிச்கா, நான் ராய்னா. அவள் அதில் கண்ட சுகம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஏய் ராய்னா, தண்ணி கொண்டா. ஏய் ராய்னா, காலை அமுக்கு. பதினெட்டு வருஷம் உன்கிட்ட ஏச்சு வாங்கினேன், இப்ப என் முறை, அண்ணி நான்தானேடி!"

பக்கத்துக் கட்டில்காரிகள் சிரிப்பார்கள். தென்கா என்று ஒரு நர்ஸ், எங்கள் இருவரிடமும் மனிதர்களிடம் பேசுவதுபோலப் பேசிய ஒரே ஆள். "நாத்தனாரை ரொம்ப விரட்டாதே வெலிச்கா" என்பாள். நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு காலை அமுக்குவேன். அந்தக் கால்கள் வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே வந்தன.

ஏழாவது வாரம் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது.

"ஈரல் வரைக்கும் போயிடுச்சு. ஒரு வாரம், மிஞ்சினா ரெண்டு வாரம். இங்கேயே இருக்கட்டும்மா. ஊசி போட்டு வலி தெரியாம பார்த்துக்கறோம். முடிஞ்சதும் அவங்க அடையாள அட்டையைக் குடுங்க, மத்ததை ஆபீஸ்ல பார்த்துப்பாங்க."

உள்ளே வந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"அண்ணி," என்றாள் மெதுவாக, வார்டில் முதல் தடவையாக. "நான் இங்கே செத்தா, நீயில்ல செத்துப்போவே."

"பேசாம இருடி."

"அட்டையில ஓட்டை போட்டுடுவான். செத்தவளுக்கு ஆலைக்காரன் மிஷின் குடுப்பானா? பிள்ளைங்களுக்கு அம்மா இல்லைன்னு எழுதிடுவான். அண்ணன் வந்து உன்னை எங்கேன்னு போய் மீட்கும்? வா, வீட்டுக்குப் போயிடலாம்."

உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் இரண்டு பேர் மேலும் மோசடி வழக்கு. என் வேலை போகும், பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனாலும் போவார்கள். அவளுக்கு ஊசி போடுவார்களா, போலீஸை நிறுத்துவார்களா, யாருக்குத் தெரியும்? இதையெல்லாம் பிறகு உட்கார்ந்து யோசித்துச் சேர்த்துக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. "சரி" என்று சொன்னேன். அது எவ்வளவு சீக்கிரமாக என் வாயிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதற்காக என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

நர்ஸ் தென்கா கத்தினாள். "பைத்தியமா உங்களுக்கு? இந்த வலியை வீட்ல வச்சு என்ன பண்ணுவீங்க?" சொந்த விருப்பத்தில் போகிறேன் என்ற தாளில் ராய்னா என் கையெழுத்தைப் போட்டாள். நான் போடுவதைவிட நன்றாகவே போட்டாள்.

வீட்டில் எங்களிடம் இருந்தது அனல்ஜின் மாத்திரையும் ரக்கியா சாராயமும்தான். வலி ஊசிக்கு மஞ்சள் சீட்டு வேண்டும், அதை ஸ்டோயெவா எழுத வேண்டும். கட்டிலில் கிடக்க வேண்டிய வெலிச்கா நடந்து போய் எப்படிக் கேட்பாள்? முதல் மூன்று நாள் ராய்னா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நாலாம் நாள் அலற ஆரம்பித்தாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். அங்கேயும் கேட்டது. தெருக்கோடி வரை கேட்டது.

ஆறாம் நாள் மத்தியானம் ஃபோன் அடித்தது.

"வெலிச்காவா? நான் தென்கா பேசறேன். மனசே கேக்கல. வலி எப்படி இருக்கு? சொல்லும்மா, கட்டில் ஒண்ணு இன்னும் காலியாத்தான் இருக்கு. ஆம்புலன்ஸை நானே பேசி அனுப்பறேன், சாயங்காலத்துக்குள்ள ஊசி போட்டுடலாம்."

ராய்னா கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோனில் இருந்த குரல் அவளுக்கும் கேட்டது. கால்மாட்டில் கிடந்த துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள். சத்தம் வரக் கூடாது என்று.

"நான் வெலிச்காதான்," என்றேன், ராய்னாவின் குரலை வரவழைத்துக்கொண்டு. "வலி இல்லக்கா. நல்லா இருக்கேன்."

"நிஜமாவா?"

"நிஜமா. சூப்புகூடக் குடிச்சேன்."

தென்கா அழுதாள் என்று நினைக்கிறேன். "கடவுள் இருக்கார்" என்று சொல்லி ஃபோனை வைத்தாள். நான் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு ராய்னாவின் வாயிலிருந்து துண்டை எடுத்தேன். ஓரமெல்லாம் கடித்துக் கிழிந்திருந்தது. "என்ன சூப்பு அண்ணி?" என்று கேட்டாள். பிறகு மறுபடி அலற ஆரம்பித்தாள்.

பதினோராம் நாள் அவள் போனாள். சான்று எழுத ஒரு இளம் டாக்டர் வந்தார். ராய்னாவின் சொந்த அட்டை ஜனவரியிலிருந்து அலமாரிக்குள் கிடந்தது, அதை எடுத்துக் கொடுத்தேன். அவர் தன் மடிக்கணினியில் தேடினார், மறுபடி தேடினார்.

"இவங்களுக்கு ரெக்கார்டே இல்லையே. வயசு முப்பத்தாறுதானே? ஏதாவது நோய் இருந்துச்சா?"

போர்வைக்குக் கீழே இடுப்பெல்லாம் கதிர் சுட்டுக் கறுத்துக் கிடந்தது. அவர் போர்வையை விலக்கியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். விலக்க வேண்டாம் என்றும் வேண்டிக்கொண்டேன், விலக்கித் தொலையேன் என்றும் வேண்டிக்கொண்டேன். அவர் மூக்கைச் சுளித்தார். அறை முழுக்க ரக்கியா வாடை.

"இல்லை டாக்டர். ஒரு நோயும் இல்லை."

"குடிப்பாங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாரடைப்பு என்று எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

வாசல் கதவில் ஒட்டும் மரண அறிவிப்பை அச்சடிக்க ஊருக்குள் போனேன். அந்தச் சான்றை விட்டால் சொந்தப் பெயரில் ராய்னாவுக்கு எடுத்த தாள் அது ஒன்றுதான். கடையில் இருந்த பெண் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "எது போடணும்? ‘நீண்ட நோய்க்குப் பின்’னா, ‘திடீரென’வா?" என்று கேட்டாள்.

"சர்டிஃபிகேட்ல மாரடைப்பு," என்றேன்.

"அப்ப திடீர்னுதான்."

பன்னிரண்டு தாள் வாங்கி வந்தேன். ஒன்றை எங்கள் கதவில் ஒட்டினேன், மற்றதை மின்கம்பங்களில். ‘ராய்னா திடீரென எங்களைப் பிரிந்தாள்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எட்டு நாள் அவள் அலறலைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த தெரு முழுக்க வந்து நின்று அதைப் படித்தது. யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.