வாங்குபவன் கையெழுத்து

"உன் வீட்டுக்காரர் ஏம்மா இதுல சாட்சிக் கையெழுத்துப் போட்டார்?" என்று கேட்டார் வேலூர் வக்கீல் சீனிவாசன். அவர் கையில் இருந்தது, தன் வீட்டைப் பூவம்மாளுக்கு எழுதிவைத்த அந்தோணியின் உயில். அந்தோணி இறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது.

பூவம்மாள் கணவனைப் பார்த்தாள். ஆரோக்கியசாமிக்கு அந்தக் கேள்வியே பெருமையாக இருந்தது.

"வூடு எங்களுக்குத்தான வருது ஐயா. அதான் போட்டேன்."

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு கிடங்கில் அவன் மேஸ்திரி. அங்கே ஒரு முறை உண்டு. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோல் ஆவாரம்பட்டைத் தொட்டிக்குப் போகும்போது, கொடுப்பவன் ஒரு சீட்டு எழுதுவான். பார்த்தவர்கள் அதில் கையெழுத்திடுவார்கள். கடைசியில், வாங்கிக்கொள்பவனும் போட்டாக வேண்டும். பின்னால் தோலில் கீறல் தெரிந்தால் 'நான் வாங்கவே இல்லை' என்று அவன் நழுவ முடியாது. வாங்குபவன் கையெழுத்து இல்லாத சீட்டை அங்கே யாரும் மதிப்பதில்லை.

முப்பது வருஷம் அந்தக் கிடங்கில் உழைத்த அந்தோணிக்கும் வேறு முறை தெரியாது. கிடங்கு எழுத்தர் முனீர் அகமது உயிலை எழுதினார். அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் சாட்சிக் கையெழுத்திட்டார்கள். "எடுத்துக்கிறவன் போடலன்னா எப்படிப்பா?" என்று அந்தோணியேதான் ஆரோக்கியசாமியைக் கட்டிலருகே கூப்பிட்டார். அவர்களுக்குக் கீழே அவன் மூன்றாவதாகப் போட்டான்.

பூவம்மாள் அந்தோணி பெற்ற மகள் அல்ல. காலராவில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த பக்கத்து வீட்டுக் குழந்தையான அவளைப் பிள்ளையில்லாத அந்தோணியும் மனைவியும் எடுத்து வளர்த்தார்கள். மனைவி போன பிறகு, மூச்சிரைப்பில் படுத்தவரைப் பதினோரு மாதம் அவள் பார்த்துக்கொண்டாள். அந்த இரண்டு அறை வீட்டை விட்டால் அவளுக்குப் போக இடமில்லை.

வக்கீல் காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

"சாட்சின்னா யாரு? நாளைக்கு கோர்ட்ல நின்னு, 'பெரியவர் புத்தி தெளிவாத்தான் இருந்தார், யாரும் மிரட்டல'ன்னு சொல்ல வேண்டியவன். வீடே அவனுக்கோ அவன் பெண்டாட்டிக்கோ வருதுன்னா அவன் பேச்சை எவன் நம்புவான்? அதனால கிறிஸ்தவங்க உயிலுக்குச் சட்டம் ஒரு வழி பண்ணியிருக்கு. அவன் சாட்சியும் செல்லும், உயிலும் செல்லும். அவனுக்கோ அவன் மனைவிக்கோ எழுதினது மட்டும் செல்லாது."

"அப்போ என் கையெழுத்த அடிச்சிடுங்க ஐயா!"

"அடிச்சா ஜெயிலுக்குப் போவே. ரெண்டு சாட்சி போதும்யா. நீ போடாம இருந்திருந்தா வீடு இவளுது."



"இப்ப யாருது?" என்றாள் பூவம்மாள்.

"அந்த வீட்டைப் பொறுத்தவரை அவர் உயில் எழுதாம செத்த மாதிரிதான். சட்டம் மனைவியைத் தேடும், பெத்த பிள்ளையைத் தேடும், தாய் தகப்பனைத் தேடும். யாரும் இல்லன்னா கூடப்பிறந்தவங்க. வளர்த்த பிள்ளையை அதுக்குத் தெரியாதும்மா. கூடப்பிறந்தவங்க உண்டா?"

அவள் வாசல் பக்கம் கை காட்டினாள். வெளியே பெஞ்சில் அந்தோணியோடு கூடப்பிறந்த ஒரே ஆள், தம்பி சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். உயிலுக்குத் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டுப் போகத்தான் பள்ளிகொண்டாவிலிருந்து வந்திருந்தார்.

ஆரோக்கியசாமி குரலைத் தாழ்த்தினான். "அவருகிட்ட ஒண்ணும் சொல்லாத. கைநாட்டு வெக்கத்தான வந்திருக்காரு? ஒரு பத்திரத்துல வாங்கிக்கலாம்."

"தன்னுதுன்னு தெரியாம விட்டுக்கொடுத்தது கோர்ட்ல நிக்காது. தெரிஞ்சு கொடுத்தா தானமா எழுதி ரிஜிஸ்தர் பண்ணலாம்" என்றார் வக்கீல்.

"நிக்கலன்னா அப்போ பாத்துக்கலாம்" என்றான் அவன்.

பூவம்மாள் எழுந்து வெளியே போனாள்.

"முடிஞ்சிதாம்மா?" சவரிமுத்து சிரித்தார். "எங்க கை வெக்கணும்? காலைலேந்து விரலத் தொடச்சி வெச்சிக்கினு உக்காந்திருக்கேன். ஜாஸ்தி நேரம் ஆச்சின்னா மறுபடி அழுக்காயிடும்."

அவள் நின்றபடியே சொன்னாள். கிடங்கு முறையை, மூன்றாவது கையெழுத்தை, வக்கீல் சொன்னதை, ஒன்று விடாமல். கடைசியில், "சட்டப்படி வூடு உங்களுது சித்தப்பா. நீங்க எழுதிக் குடுத்தாத்தான் எனக்கு" என்றாள்.

அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"முழுசுமா?"

"முழுசும்."

"அண்ணன் உனக்குன்னுதான் சொன்னாரு. அதுல எனக்குச் சந்தேகமில்ல." மேல்துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நாங்க ஏழு பேரும்மா. ஒரே கொட்டாய்ல கெடக்கறோம்."

சவரிமுத்து பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"இன்னிக்கி வேணாம்மா. வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றேன்."

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பஸ் பள்ளிகொண்டா வழியாகத்தான் போகும். அதுவரை மூவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து போனார்கள்.